ஆய்வுக்கூடத்தில் பிறந்த வானொலி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விஸ்கான்சின் என்பது பால்பண்ணைகள் மலிந்த மாநிலம். அதன் தலைநகராகிய மாடிசனில், ஏரிக்கரையில் அமைந்த பல்கலைக்கழகத்திலே ஒரு வானொலி நிலையம் பிறந்து வளர்ந்த வரலாறு மாணவர்கள் அறியத்தக்கது.

1915 வாக்கில் அங்கே 9எக்ஸ்எம் என்னும் சோதனை நிலையம் இயங்கலாயிற்று. அதனைப் பேணி வளர்த்தவர் பௌதிகப் பேராசிரியர் ஏர்ல் டெர்ரி. தொடக்கத்தில் அந்நிலையம் பேசவில்லை. தந்திக் குறிகளையே அனுப்பிற்று. 1916 இறுதியில் வானிலை அறிவிப்பும் அவ்வாறே சென்றது. ஆனால், ஏர் பிடிக்கும் உழவருள் தந்திக் குறி அறிந்தவர் எத்தனை பேர்? குரலையே அனுப்புதல் வேண்டும். அதற்கு வேண்டிய வால்வுகளோ கடையில் எளிதிற் கிடையா. ஆகவே கண்ணாடியை ஊதி, உள்ளிருக்கும் காற்றை அகற்றி, ஆய்வுக்கூடத்திலேயே அவற்றைச் செய்தனர். அரும்பாடுபட்டுச் செய்த வால்வு விரைவில் எரிந்துபோவதும் உண்டு; அடுத்ததைத் தொடங்குவர். இப்பணியில் துணைநின்ற மாணவர் மால்கம் ஹான்சன், பின்னர் 1928இல் பேர்டு தலைமையில் தென்துருவம் நோக்கிச் சென்ற குழுவில் வானொலிப் பொறுப்பேற்றார்.

1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் தனியார் நிலையங்கள் மூடப்பட்டன. கடற்படைக்கு உதவியமையால் 9எக்ஸ்எம் தொடர்ந்து நடந்தது. 1921 ஜனவரி 3ஆம் நாள் முதல் வானிலை அறிவிப்பு மனிதக் குரலில் ஒழுங்காக ஒலித்தது. 1922இல் நிலையம் டபிள்யூ. எச். ஏ. என்னும் பெயர் பெற்றது. நாட்டின் மிகப் பழைய நிலையம் இதுவே என்பர் மாடிசன் மக்கள். 1920 நவம்பரில் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பிய பிட்ஸ்பர்க் நகரத்தார் இதனை ஒப்புவதில்லை. முதன்மைக்கான இவ்வழக்கினும், இந்நிலையம் எங்ஙனம் உயிர் தப்பியது என்பதே எனக்கு வியப்பளிக்கிறது.

ஏனெனில், 1921 முதல் 1936 வரை அந்நாட்டில் கல்வி நிலையங்கள் பெற்ற ஒலிபரப்பு உரிமங்கள் இருநூறுக்கு மேற்பட்டவை. 1937இல் எஞ்சியவை நாற்பதுக்கும் குறைவு. பொருள் முட்டுப்பாடு ஒருபுறம். அலைவரிசைக்கு வணிக நிலையங்கள் தொடுத்த போட்டி மறுபுறம். டபிள்யூ. எச். ஏ. நிலையத்திற்கும் பகற்பொழுது மட்டுமே ஒதுக்கப்பட்டது. குடும்பத்தார் கூடியிருந்து கேட்கும் இரவு நேரம் அதற்கு இல்லை. இக்குறையையே அவர்கள் வாய்ப்பாக்கிக்கொண்டனர். பகலில் வீட்டிலிருப்போர் இல்லத்தரசியர். நண்பகலில் உணவுக்கு வருவோர் உழவர். பள்ளியில் இருப்போர் சிறுவர். (இரவில் விரும்பிப் பாடங்கேட்ட மாணவரை நான் கண்டதில்லை!) இம்மூவருக்கும் ஏற்ப நிகழ்ச்சிகள் வகுத்தனர்.

1931இல் வானொலிப் பள்ளி தொடங்கிற்று. ஓராசிரியர் பள்ளிகள் நிறைந்த நாட்டுப்புறம் அது. இசை கற்பிக்க ஆள் ஏது? எட்கர் கார்டன் என்னும் இசைப் பேராசிரியர் ஒலிவாங்கியின் முன்னின்று பாடிக் காட்டுவார். எங்கோ வகுப்பறைகளில் சிறுவர் உடன் பாடுவர். அவர்கள் குரல் அவர் செவிக்கு எட்டாது. ஆண்டிறுதியில் அச்சிறுவர்கள் மாடிசனுக்குத் திரண்டு வந்து, வானொலியில் கேட்டுப் பயின்ற பாடல்களை அவர் முன்னிலையில் ஒருங்கே பாடினார்கள். டெர்ரி அதனைக் கேட்கவில்லை. அவர் 1929இலேயே காலமாகிவிட்டார்.