செலவும் வரவும்

ஆங்கிலம் கற்கப் புகும் சிறுவன் முதலில் அறிந்துகொள்ளும் வினைச்சொற்களுள் 'கோ' என்பதும் ஒன்று. இரண்டே எழுத்துச் சொல்தானே என்று அவன் எண்ணிக்கொண்டிருக்க, அச்சொல்லோ அவன் முதியவனாகும்வரை புதிய புதிய பொருள்களைக் காட்டிக்கொண்டே இருக்கும். மணி அடிப்பதும் 'கோ'. பால் கெடுவதும் 'கோ'. ஒருவன் பித்தனாவதும், பண்டம் விலைபோவதும், இனிச் செய்யப்போவதைச் சொல்வதும் அதே 'கோ'. இறந்த காலத்திற்கு வரும்போது அது தன் வடிவையே இழந்துவிடுகிறது. 'வெண்ட்' என்னும் சொல் 'கோ'வின் பிள்ளையன்று. 'வெண்டு' என்னும் வேறொரு வினைக்கு உரியதாயிருந்து, பின்னர்த் தத்தெடுக்கப்பட்டது. இவற்றையெல்லாம் கண்டு வியக்கும் நம்மவர் பலர், தம் வீட்டுக் கணக்குப் புத்தகத்தின் முதல் ஏட்டில் எழுதியிருப்பதை ஊன்றி நோக்குவதில்லை. 'வரவு', 'செலவு' என்ற அவ்விரு சொற்களும் வா, செல் என்னும் இயக்க வினைகளே அல்லவா?

இவ்விரு சொற்களின் வரலாற்றைக் காண நாம் நூலகத்திற்குச் செல்ல வேண்டுவதில்லை. திருவனந்தபுரம் கிழக்கே கோட்டை வாயிலில் நின்று கிழக்கு நோக்கி, கிள்ளிப்பாலம் வரை, சாலைக் கடைத்தெரு வழியே ஒரு முறை நடந்தால் போதும். தமிழும் மலையாளமும் தோளோடு தோள் உரசி நடக்கும் தெரு அது. அரிசி, மளிகை, பாத்திரம், பொன் என அடுத்தடுத்துக் கடைகள். தோவாளையிலிருந்து வரும் பூ. பாண்டிநாட்டுச் சந்தைகளிலிருந்து வரும் காய்கறி. கார்த்திகைத் திருநாள் இராமவர்மரின் ஆட்சியில், 1789ஆம் ஆண்டில் திவானாகப் பொறுப்பேற்ற இராஜா கேசவதாசரே இக்கடைத்தெருவை அமைத்தவர். ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்தவரும் அவரே. அவர் பிறந்தது விளவங்கோட்டுப் பகுதியில். அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில். இதனை இங்கே குறித்து வைத்துக்கொள்வோம், பின்னர்த் தேவைப்படும்.

தெருவின் பெயரே நம்மை ஒரு கணம் நிறுத்துகிறது. இன்று சாலை என்றால் வழி. மக்கள் செல்லும் இடம். பண்டு சாலை என்றால் மக்கள் தங்கும் இடம். உண்ணவும் கற்கவும் அமைந்த கூடம். ஆய்வேள் கோக்கருநந்தடக்கன் ஒன்பதாம் நூற்றாண்டில் பார்த்திவசேகரபுரத்தில் தொண்ணூற்றைவர் சட்டர்க்கு ஒரு சாலை அமைத்தான். அதற்குக் காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டான் என்று அவனுடைய செப்பேடு தெரிவிக்கின்றது. முதலாம் இராசராசன் கலமறுத்ததாக அவன் மெய்க்கீர்த்தி பேசுவதும் இக்காந்தளூர்ச் சாலையில்தான். அறுக்கப்பட்ட கலம் மரக்கலமா, உண்கலமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கவிமணி தேசிகவினாயகம் பிள்ளை அவர்கள் இச்சாலையைப் பற்றித் தனி ஆராய்ச்சியே எழுதினார். கடைத்தெருவை அடுத்துள்ள வலியசாலையில் காந்தளூர் என்ற பெயரோடே ஒரு சிவன் கோயில் நிற்பதால், பழைய சாலை அங்கேதான் இருந்தது என்பர் பலர். விழிஞத்தின் பக்கம் என்பாரும் உளர். அவ்வழக்கிற்குள் நாம் நுழையவில்லை. தங்குமிடத்தைக் குறித்த சொல் செல்லுமிடத்தைக் குறிக்கலாயிற்று என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

இனிச் 'செல்' என்னும் சொல்லுக்கு வருவோம். பழந்தமிழில் செலவு என்றால் பயணம். அகத்துறைகளுள் 'செலவழுங்குதல்' என்பது ஒன்று. பொருள் தேடிப் பிரியக் கருதிய தலைவன், தலைவியின் துயர் கண்டு தன் பயணத்தைத் தள்ளிவைப்பது அது. செலவு செய்ய அஞ்சிய தலைவன் என்று இக்காலத்து மாணவன் பொருள் கொண்டால் அவன்மேல் நாம் சினங்கொள்ள இயலாது. அன்று பொருள் தேடி ஆள் சென்றான், அது செலவு. இன்று ஆள் வீட்டிலேயே இருக்கப் பொருள் செல்கிறது; அதுவும் செலவு. செல்வோன் மாறினான், சொல் மாறவில்லை.

இச்சொல்லின் சுற்றம் பெரிது. ஒருவன் வாக்கு நாலிடத்தும் சென்றால் அவனுக்குச் செல்வாக்கு. உடல்நலம் குன்றியவனுக்குச் சோறு செல்வதில்லை. காத்திருப்பவனுக்குப் பொழுது செல்வதில்லை. வரியையும் செலுத்துகிறோம், வண்டியையும் செலுத்துகிறோம். போன ஆண்டு சென்ற ஆண்டு. போய்ச் சேர்ந்தவர் காலஞ்சென்றவர். செல்வம் என்ற பெயரே நிலையாமல் செல்வதனால் வந்தது என்று பொருள் கூறுவாரும் உளர்; வணிகர்கள் அக்கருத்தை அவ்வளவாக விரும்புவதில்லை. இக்காலத்தில் சட்டைப் பையில் கிடந்து ஒலிக்கும் 'செல்' இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஆயினும் எங்கும் கூடவே செல்வதால் அதையும் உறவு என்று கொள்ளலாம் போலும்!

கடைத்தெருவில் இச்சொல்லுக்கு உயிர்நிலையான பொருள் ஒன்று உண்டு. காசு செல்லுமா, செல்லாதா என்பதே அது. சாலை வணிகர்கள் இக்கேள்வியை ஒன்றுக்கு மேற்பட்ட முறை எதிர்கொண்டனர். திருவிதாங்கூருக்குத் தனி நாணயம் இருந்தது. பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம், அதாவது 28 சக்கரம், ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28½ சக்கரம். எல்லைக்கு அப்பாலிருந்து சரக்கு வாங்கி இப்பால் விற்ற வணிகன் இந்த அரைச் சக்கரத்தை மறந்தால் ஆண்டிறுதியில் கணக்கு உதைக்கும். 1949ஆம் ஆண்டு சூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன; அடுத்து வந்த ஆண்டுகளில் சக்கரம் வழக்கொழிந்தது. உருள்வதற்கென்றே பெயர் பெற்ற நாணயம் உருளாமல் நின்றது. பின்னர் 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு, 500 ரூபாய்த் தாளும் 1,000 ரூபாய்த் தாளும் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. மறுநாள் காலையில் நாடெங்கும் ஒலித்த தமிழ்ச்சொல் 'செல்லாது' என்பதுதான்.

ஆயினும் காசின் செலாவணியைவிட மனிதரின் செலாவணி நுட்பமானது. அதனை அறியத் தொல்காப்பியரைத் துணைக்கு அழைக்க வேண்டும். கிளவியாக்கத்தில் அவர் செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கனையும் ஒருங்கு வைத்து ஒரு விதி வகுக்கிறார். தரு, வரு என்னும் இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன; செல், கொடு என்னும் இரண்டும் படர்க்கைக்கு உரியன. என்னிடம் வந்தான், உன்னிடம் வந்தான். ஆனால் அவனிடம் சென்றான். எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான். ஆனால் அவனுக்குக் கொடுத்தான். நன்னூலாரும் இதனை வழிமொழிவர். பேசுவோனும் கேட்போனும் நிற்கும் இடம் 'இங்கு' ஆகிவிடுகிறது. அதனை நோக்கிய இயக்கம் வரவு. அவ்வட்டத்திற்கு வெளியே நோக்கிய இயக்கம் செலவு.

இவ்விதி இன்றைய தமிழில் எவ்வளவு வாழ்கிறது? வா என்பதும் போ என்பதும் பெரும்பாலும் நிலைபிறழவில்லை. தா, கொடு என்பவற்றின் எல்லையோ பல இடங்களில் அழிந்துவிட்டது. சென்னையில் ஒருவர் தமக்கொரு பொருள் வேண்டின் 'எனக்குக் கொடு' என்றே கேட்கிறார். நெல்லையிலும் குமரியிலும் 'தா', 'தாரேன்' என்பன இன்னும் செவியிற் படுகின்றன. ஆனால் சாலையில் ஒரு மலையாளி கடைக்கு வந்து கேட்பதை உற்றுக் கேளுங்கள். தமக்கு வேண்டுமெனில் 'எனிக்கு தா' என்பார்; பக்கத்தில் நிற்பவருக்கெனில் 'கொடு' என்பார்; மறந்தும் மாற்றிச் சொல்லார். எழுத்தறியாதவரும் பிழைபடாது பேசுகின்றனர். தொல்காப்பியர் விதியைத் தமிழர் பலர் நெகிழவிட்டிருக்க, மலையாளம் அதனை நாவிலேயே காத்து வருகின்றது. தமிழ் எது, மலையாளம் எது என்று கோடு கிழிக்க விரைவோர் இக்கடைத்தெருவில் சிறிது நேரம் நின்று கேட்பது நல்லது.

ஒரே வேர் இரு மொழியிலும் இரு வழி சென்ற வேடிக்கையும் இங்கே காணலாம். வரவும் செலவும் இருவருக்கும் பொது. ஆனால் நண்பனுக்கு வேலை கிடைத்தால் மலையாள இளைஞர் 'செலவு வேணம்' என்று சூழ்ந்துகொள்வர். விருந்து வைக்க வேண்டும் என்பது பொருள். பண்டம் செலவாயிற்று என்றால் அவர்களுக்கு விற்றுத் தீர்ந்தது என்று பொருள். அது வணிகனுக்கு நற்செய்தி. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த கணக்கர் அதைக் கேட்டு முகம் வாடினால் சுற்றி நிற்போர் நகைப்பர். போக்குவரத்து என்பது நமக்கு வண்டிகளின் இயக்கம். மலையாளி அதற்குக் 'கதாகதம்' என்பார். சென்றதும் வந்ததும் என்பதே அவ்வடசொல்லின் பொருள். ஆனால் 'போக்குவரவு' என்ற சொல்லும் அவரிடம் உண்டு. நிலத்தை விலைக்கு வாங்கியவர் வில்லேஜ் அலுவலகத்தில் உரிமையைத் தம் பெயருக்கு மாற்றுவது அது. நம் பட்டா மாற்றம். நிலம் ஓரடிகூட நகர்வதில்லை. விற்றவன் பெயர் போகிறது. வாங்கியவன் பெயர் வருகிறது. அவ்வளவே.

நிலம் நகராமல் நிகழும் போக்குவரவு என்றதும் 1956 நம் நினைவுக்கு வருகிறது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. செங்கோட்டைப் பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அதற்காக நேசமணி முதலானோர் தலைமையில் நடந்த போராட்டமும், 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிக்கு இரையான உயிர்களும் நம் வரலாற்றில் அழியாதவை. அப்போராட்டத்தின் நியாயத்தை நாம் ஐயுறவில்லை.

ஆனால் சாலைத் தமிழரின் நிலை என்னாயிற்று? 1956 அக்டோபர் வரை நாகர்கோவிலிலிருந்து சாலைக்கு வந்து கடை வைத்தவர் வேற்று நாட்டிற்குச் சென்றவரல்லர். திருவிதாங்கூரின் தென்கோடியிலிருந்து அதன் தலைநகருக்கு வந்தவர். நாஞ்சில் நாட்டு நெல்லை அக்காலத் திருவிதாங்கூரின் களஞ்சியம் என்றனர். அந்நெல் வண்டி வண்டியாகக் கரமனை கடந்து வந்தது. நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்திற்கும் இடையே இருப்புப்பாதை 1979இல்தான் அமைந்தது என்பதால், அதுவரை எல்லாம் அவ்வொரு வழியிலேயே வந்தன. கடைத்தெருவை ஏற்படுத்திய கேசவதாசரே அத்திசையிலிருந்து வந்தவர்தாம். நவம்பர் முதல் நாள் பொழுது விடிந்தபோது எல்லைக்கோடு களியக்காவிளையில் நின்றது. வணிகர் எங்கும் செல்லவில்லை. கடை அங்கேயே இருந்தது. கோடுதான் அவர்களுக்கும் அவர்கள் பிறந்த ஊருக்கும் இடையே வந்து அமர்ந்தது.

மலையாளத்தில் 'வரத்தன்' என்றொரு சொல் உண்டு. வந்தேறி, அயலான் என்று பொருள். 2018இல் வெளிவந்த ஒரு திரைப்படத்திற்கு அதுவே பெயர். சொல் அமைப்பை நோக்கின் அதில் இழிவு ஏதுமில்லை. வந்தவன் என்பதே பொருள். அதே கடைத்தெருவில் காலையில் 'வரத்து' எப்படி என்று கேட்பார்கள். தக்காளி வரத்து மிகுந்தால் மகிழ்ச்சி. பூ வரத்துக் குறைந்தால் கவலை. சரக்கின் வரத்தை வரவேற்கும் வாய், அதைக் கொண்டுவந்தவனை வரத்தன் என்னும்போது மட்டும் சற்றுக் கோணுகிறது. எத்தனை தலைமுறை வாழ்ந்தால் வந்தவன் இருப்பவன் ஆவான் என்பதற்கு இலக்கணத்தில் விதியில்லை. ஊருக்குப் போனாலோ அங்கும் ஓர் இடர்ப்பாடு. 'திருவனந்தபுரத்துக்குப் போனவங்க' என்றே உறவினர் அடையாளம் சொல்வர். இங்கே வந்தவர், அங்கே சென்றவர், இரண்டிடத்தும் படர்க்கை.

இந்நிலையை எழுத்தில் வடித்தவர் ஆ. மாதவன். 1934இல் பிறந்து 2021 சனவரியில் மறைந்த அவர் சாலைத் தெருவிலேயே கடை நடத்தியவர். சுமை தூக்குவோரும் தெருவில் உறங்குவோரும் சிறு வணிகரும் அவர் கதைமாந்தர். 'கடைத்தெருக் கதைகள்' என்றே தம் தொகுப்புக்குப் பெயரிட்டார். 2015இல் சாகித்திய அக்காதெமி அவருடைய 'இலக்கியச் சுவடுகள்' நூலுக்கு விருதளித்தது. கதைகளை விட்டுக் கட்டுரை நூலைத் தேர்ந்ததில் நமக்குச் சிறு மனக்குறை உண்டு. அவர் கதைகளில் மலையாளம் தமிழுக்குள் வந்துபோகும் விதத்தில் உறுத்தலே இராது. விருந்தினர் போல் அன்று, வீட்டார் போல். சாலையில் மக்கள் பேசியதை அவர் அப்படியே எழுதினார்.

இன்று பழைய கடைகள் சிலவற்றில் கல்லாப்பெட்டிக்கு அருகே தாத்தா எழுதிய நீளக் கணக்குப் புத்தகம் கிடப்பதைக் காண்கிறோம். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. தமிழ் எண்களும் இடையிடையே உண்டு. பெயரன் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் படித்தவன், வீட்டில் தமிழ் பேசுவான், அவ்வேட்டைப் படிக்கமாட்டான். அவனிடம் நாம் அவ்விரு தலைப்புகளையும் வாய்விட்டுப் படித்துக் காட்டியபோது, 'இது ரெண்டும் மலையாளமல்லவா?' என்று கேட்டான். ஆம் என்பதா, அன்று என்பதா என்று நமக்கு உடனே தோன்றவில்லை.

அதற்குள் ஒரு மூதாட்டி சரக்கை வாங்கிப் பையில் இட்டுக்கொண்டு படியிறங்கினார். போகிறவர் 'போகிறேன்' என்று சொல்லும் வழக்கம் இரு மொழியாரிடத்தும் இல்லை. அவர் 'போயிட்டு வராம்' என்றார். பெயரன் கணக்கை மூடிவிட்டு, 'வாங்க அம்மா' என்று தமிழில் விடை கொடுத்தான்.