எல்மைரா வழக்கு

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1974இல் நடந்த குற்ற வழக்கு. குற்றவாளியும் பாதிக்கப்பட்டவரும் நேரில் சந்தித்து இழப்பை ஈடுகட்டிக்கொள்ளும் முறை, நவீன நீதிமன்றம் வழியாகத் தொடங்கியது இங்கேதான். நியூசிலாந்தின் மாவோரி முதலிய பழங்குடிகளிடம் இவ்வழக்கம் முன்பே உண்டு. அது தனிக் கதை.

அவ்வாண்டு மே மாதத்தில் ஓர் இரவு, 18, 19 வயது இளைஞர்கள் இருவர் குடிபோதையில் எல்மைரா ஊரைத் துவம்சம் செய்தனர். கார் டயர்களைக் கிழித்தனர், கண்ணாடிகளை நொறுக்கினர். தேவாலயத்துச் சிலுவையும் தப்பவில்லை. 22 இடங்களில் சேதம். பிடிபட்டதும் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

அப்பகுதியில் மெனனைட்டுகள் அதிகம். சமாதானத்தைச் சமயக் கடமையாகக் கொண்ட கிறிஸ்தவப் பிரிவினர். நன்னடத்தை அலுவலர் மார்க் யான்ட்ஸியும் மெனனைட் தொண்டர் டேவ் வொர்த்தும், இளைஞர்களைப் பாதிக்கப்பட்டோரிடமே அனுப்பிப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னார்கள். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று நீதிபதி கார்டன் மெக்கானல் முதலில் தயங்கினார். பிறகு தண்டனையைத் தள்ளிவைத்து அனுமதித்தார்.

ஏற்பாடு மிக எளிது. இளைஞர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டித் தாங்கள் செய்ததைச் சொன்னார்கள். யான்ட்ஸியும் வொர்த்தும் குறிப்பேட்டுடன் சற்றுத் தள்ளி நின்றார்கள். ஊரைவிட்டுப் போய்விட்ட இருவர் நீங்கலாக எல்லாரையும் பார்த்தாயிற்று. மொத்தச் சேதம் சுமார் 2,200 டாலர். அதில் ஏறக்குறைய பாதி காப்பீட்டில் கிடைத்தது. மீதிக்காக ஆளுக்கு 550 டாலர் வரை இழப்பீடு, 200 டாலர் அபராதம், 18 மாதக் கண்காணிப்பு என்று தீர்ப்பானது. சில மாதங்களில் அதே வாசல்களுக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்து முடித்தார்கள். அரசுக்குச் சேர்ந்ததைவிடக் கண்ணாடி உடைபட்டவர்களுக்குச் சேர்ந்தது அதிகம். குற்றவியல் நீதிமன்றங்களில் அபூர்வமான கணக்கு இது.

அருகிலுள்ள கிச்சனர் நகரில் இம்முறை நிரந்தரத் திட்டமாகி, 1978இல் அமெரிக்காவின் எல்கார்ட்டுக்குப் பரவியது. அங்கே பணியாற்றிய ஹோவர்ட் ஸெர் 1990இல் ‘சேஞ்சிங் லென்ஸஸ்’ நூலில் இதைக் கோட்பாடாக வகுத்தார். நியூசிலாந்து 1989இலேயே சிறார் குற்றங்களுக்குக் குடும்பக் கூட்டங்களைச் சட்டமாக்கியிருந்தது. அதில் கொலை வழக்குகள் விலக்கு. குடும்ப வன்முறை வழக்குகளில் இம்முறை பாதிக்கப்பட்ட பெண்ணை மேலும் நெருக்கும் என்ற பெண்ணியவாதிகளின் எதிர்ப்பு நியாயமானதே.

இந்தியாவில் இதற்கு நெருங்கியது 2006இல் நடைமுறைக்கு வந்த ‘பிளீ பார்கெய்னிங்’, அதாவது குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனை பெறும் ஏற்பாடு. அதில் பாதிக்கப்பட்டவருக்கும் பேச்சில் இடமுண்டு. ஏழாண்டுக்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்கும் அது பொருந்தாது.