விஷ்ணுபிரியா வழக்கும் 174 என்ற எண்ணும்

அவிநாசியிலிருந்து பெருந்துறை, ஈரோடு தாண்டினால் திருச்செங்கோடு. அந்த ஊரில் 2015 செப்டம்பர் 18 அன்று 27 வயது டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா தன் முகாம் அலுவலகக் குடியிருப்பில் இறந்து கிடந்தார். கடலூரைச் சேர்ந்த தலித் பெண். குரூப்-1 தேர்வெழுதி நேரடியாக டி.எஸ்.பி. ஆனவர். அப்போது கோகுல்ராஜ் கொலை வழக்கை விசாரித்துக்கொண்டிருந்தார். இன்று கல்லூரியில் படிப்பவர்களுக்கு அப்போது பத்து வயதுகூட இருந்திருக்காது. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் உடன் படித்த கவுண்டர் சமூகப் பெண்ணுடன் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் உடல் கிடைத்தது. தற்கொலைக் கடிதம் ஒன்றும் தயாராக இருந்தது. கோப்பு சந்தேக மரணமாகத்தான் தொடங்கியது. உறவினர்களும் இயக்கங்களும் உடலை வாங்க மறுத்துப் போராடிய பிறகே அது கொலை வழக்கானது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் சட்டம் படிக்க வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174ஆவது பிரிவு வெள்ளைக்காரன் காலத்து 1898 சட்டத்திலும் இருந்தது, 1973 சட்டத்திலும் அதே எண்ணில் தொடர்ந்தது. தற்கொலை, விபத்து, ஐயத்துக்குரிய மரணம் எதுவானாலும் காவல்துறை பஞ்சாயத்தார் முன்னிலையில் உடலைப் பார்த்து, சாவுக்கு வெளிப்படையாகத் தெரியும் காரணத்தை எழுத வேண்டும். அவ்வளவுதான். யார் செய்தார், ஏன் செய்தார் என்பது அந்த அறிக்கையின் வேலை அல்ல என்று 1975இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நம்மவர்கள் வழக்கில் அந்த முதல் தாளே கடைசித் தாளாகிவிடுவதுதான் சிக்கல். 2013 ஜூலை 4 அன்று தருமபுரியில் தண்டவாளத்தருகே கிடந்த இளவரசனை மறந்துவிடவில்லையே?

வன்கொடுமைச் சட்டம் சேர்ந்தால் 1995 விதிகளில் 7ஆவது விதிப்படி டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். நம் போராட்டம் வென்றெடுத்த பாதுகாப்பு அது. அந்த விதியின் பாரம் முழுவதும் வேலைக்கு வந்து சில காலமே ஆன ஒரு இளம் பெண் அதிகாரியின் தோளில் இறங்கியது. முக்கியக் குற்றவாளி யுவராஜ் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகள் வெளியிட்டுக்கொண்டிருந்தார். நூறு நாட்களுக்கு மேல் தேடப்பட்டு, அக்டோபர் 11 அன்று அவராகவேதான் நாமக்கல்லில் சரணடைந்தார். அதைப் பார்க்க விஷ்ணுபிரியா இல்லை.

அவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதத்தில் கோகுல்ராஜ் வழக்கு காரணமல்ல என்று இருந்ததாகச் செய்திகள் வந்தன. இதை நாம் மறைக்கக் கூடாது. மறைத்தால் எதிரில் இருப்பவர் அதையே தூக்கிக் காட்டுவார். மேலதிகாரிகளின் நெருக்கடி இருந்தது என்று குடும்பம் சொன்னது. அவருடைய தோழியான இன்னொரு பெண் டி.எஸ்.பி.யும் ஊடகங்கள் முன் வெளிப்படையாகவே அதைச் சொன்னார். சீருடையில் இருந்துகொண்டு அப்படிப் பேசுவது சாதாரணமல்ல. அரசு வழக்கை சி.பி.சி.ஐ.டி.க்குக் கொடுத்தது, 2016இல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு மாற்றியது. தூண்டுதலை நிரூபிக்கச் சான்றில்லை என்று சி.பி.ஐ. முடிப்பறிக்கை தாக்கல் செய்தது. குடும்பம் ஏற்கவில்லை.

அதே ஆண்டு பிப்ரவரியில் திருநெல்வேலியில் வேளாண் பொறியாளர் முத்துக்குமாரசாமி இறந்தார். ஓட்டுநர் நியமனத்தில் நெருக்கடி என்று புகார். வேளாண் அமைச்சர் பதவி இழந்து கைதும் ஆனார். கைது தண்டனை ஆகாது. ஆனாலும் அங்கே விசாரணை மேல்நோக்கி நகர்ந்தது. திருச்செங்கோட்டில் அது இறந்தவரின் மனநிலையைச் சுற்றியே நின்றது என்பது என் கணிப்பு.

மேற்கு மாவட்டங்களில் அதிகாரியாக இருப்பது என்னவென்று 2018இல் நம் அவிநாசி வட்டத்திலேயே பார்த்தோம். திருமலைக்கவுண்டம்பாளையம் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் திரண்டார்கள். உடனே அவருக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. போராட்டத்துக்குப் பிறகுதான் ரத்தானது. பணிந்து போன அதிகாரிக்குச் சிக்கல் குறைவு. பணியாதவருக்கு?

கோகுல்ராஜ் வழக்கு மதுரை சிறப்பு நீதிமன்றத்தில் நடந்தது. முக்கிய சாட்சி பிறழ்ந்தார். இருந்தும் கோயில் கண்காணிப்புக் கேமரா பதிவு நின்றது. 2022 மார்ச்சில் யுவராஜ் உட்பட 10 பேருக்கு ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷ், ஆனந்த் வெங்கடேஷ் இருவரும் அந்தக் கோயிலுக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். 2023 ஜூன் 2 அன்று தண்டனையை உறுதி செய்தார்கள்.

2024 ஜூலை 1 முதல் 174 இல்லை. புதிய சட்டத்தில் அது 194. அடுத்த முறை பிணவறை வாசலில் நிற்கும்போது எந்தப் பிரிவில் பதிந்திருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்கச் சொல்லி எழுத்தில் மனு கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.