லாசாவிலிருந்து ஸ்ரீநகர் வரை: திபெத்திய முஸ்லிம்களின் வரலாறு



திபெத் என்ற பெயரைக் கேட்டவுடன் பனிமலைகளும், போத்தலா அரண்மனையும், செந்நிற ஆடையணிந்த லாமாக்களுமே நம் நினைவுக்கு வருகின்றனர். அந்நாட்டில் பாங்கோசை ஒலித்ததுண்டா என்று நம் மதரஸா மாணவர்களிடம் வினவினால், பெரும்பாலோர் இல்லையென்றே விடை கூறுவர். ஆனால் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக லாசா நகரில் ஐவேளைத் தொழுகை நடைபெற்று வந்துள்ளது. திபெத்திய மொழி பேசி, திபெத்திய உடையணிந்து, அல்லாஹ் ஒருவனையே வணங்கிய ஒரு சமூகம் அங்கு வாழ்ந்தது. அச்சமூகத்தின் பெரும்பகுதி இன்று தன் மண்ணை விட்டு ஸ்ரீநகரில் வாழ்கின்றது. அவர்களது வரலாற்றை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நலம்.

திபெத்தியர் முஸ்லிம்களைக் 'கச்சே' என்று அழைப்பர். அம்மொழியில் காஷ்மீருக்கு வழங்கும் பெயரே அது. காஷ்மீரிலிருந்தும் லடாக்கிலிருந்தும் வணிகத்திற்காகச் சென்றவர்கள் லாசாவில் தங்கி, அந்நாட்டுப் பெண்களை மணந்து, குடும்பங்களாகப் பெருகினர். காலப்போக்கில் ஊரின் பெயரே மார்க்கத்தின் பெயராயிற்று. இவர்களன்றிச் சீனப் பகுதிகளிலிருந்து வந்த ஹுய் முஸ்லிம்களும் லாசாவில் வாழ்ந்தனர். காய்கறித் தோட்டமும் இறைச்சிக் கடையும் அவர்களுள் பலருக்குத் தொழில்கள். காஷ்மீர் வழிவந்தோரோ பெரும்பாலும் வணிகர்கள்.

அக்கால வணிகத்தில் முஸ்லிம்கள் பெற்றிருந்த நன்மதிப்பிற்கு ஒரு சான்று கூறலாம். 1684ஆம் ஆண்டில் லடாக்கிற்கும் திபெத்திற்கும் இடையே திங்மோஸ்காங் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை லடாக்கிலிருந்து லாசாவுக்குக் காணிக்கைகளுடன் 'லோப்சக்' என்னும் தூதுக்குழு செல்ல வேண்டும். காணிக்கை அனுப்பியவர் பௌத்த அரசர், பெற்றவர்களும் பௌத்தர்கள். எனினும் பல மாதப் பயணம் கொண்ட அக்குழுவை நடத்திச் செல்லும் பொறுப்பு, லே நகரத்து முஸ்லிம் வணிகக் குடும்பங்களிடம் பன்முறை ஒப்படைக்கப்பட்டது. கொடுக்கல் வாங்கலில் நேர்மையுடையோர் என்ற பெயரை ஈட்டாதவர்களுக்கு இப்பொறுப்பு கிடைத்திருக்க இயலாது.

லாசாவில் பள்ளிவாசலுக்கும் மையவாடிக்கும் நிலம் கிடைத்த வரலாற்றை அச்சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகக் கூறி வருகின்றனர். ஐந்தாம் தலாய் லாமாவின் காலம் அது. அவர் வாழ்ந்தது 1617 முதல் 1682 வரை. நகரின் ஓரத்திலுள்ள ஒரு குன்றின் மீது முஸ்லிம் பெரியார் ஒருவர் நாள்தோறும் தனித்துத் தொழுவதை அவர் தொலைவிலிருந்து கண்டாராம். அப்பெரியாரை அழைத்துக் காரணம் வினவியபோது, இந்நாட்டில் எங்களுக்கு வணக்கத்தலம் இல்லை, ஆதலால் குன்றில் தொழுகின்றேன் என்று விடை வந்ததாம். தலாய் லாமா வில்லாளியை அழைத்து நான்கு திசைகளிலும் அம்பெய்யச் செய்து, அம்புகள் விழுந்த எல்லைக்குட்பட்ட நிலத்தை முஸ்லிம்களுக்கு வழங்கினார் என்பது செவிவழிச் செய்தி. தொலைவில் பாய்ந்த அம்பின் சோலை என்னும் பொருளில் அவ்விடம் 'கியாங்தா லிங்கா' என வழங்கப்படுகின்றது.

இந்நிகழ்ச்சி எழுத்தில் உள்ளபடியே நடந்ததோ இல்லையோ, அதன் பின் முஸ்லிம்கள் அனுபவித்த உரிமைகள் உண்மையானவை. தங்களுக்குள் எழும் வழக்குகளை ஷரீஅத்தின்படித் தாங்களே தீர்த்துக் கொள்ள அவர்களுக்கு அனுமதி இருந்தது. அதற்கென ஐவர் கொண்ட பஞ்சாயத்துக் குழு இயங்கியது. பௌத்தர்களின் புனித மாதத்தில் நடைமுறையிலிருந்த இறைச்சி விலக்கு அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. அரச விழாக்களுக்கும் அவர்கள் அழைக்கப்பட்டனர். மக்காவின் கொடுமைக்குத் தப்பிச் சென்ற ஸஹாபாக்களுக்கு அபிசீனியாவின் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி அடைக்கலம் அளித்ததை நாம் நன்றியுடன் நினைவுகூர்கின்றோம். லாசாவின் இந்நல்லுறவையும் அவ்வண்ணமே நினைத்தல் தகும்.

உரிமை பெற்ற அச்சமூகம் ஒதுங்கி வாழவில்லை. மதரஸாக்களில் பிள்ளைகள் குர்ஆனையும் தொழுகை முறையையும் உருதுவையும் கற்றனர். மேற்கல்விக்காகச் சிலர் மலை கடந்து தேவ்பந்த், லக்னோ நத்வா போன்ற கலாசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். வீட்டிலும் கடைவீதியிலும் பேச்சு திபெத்திய மொழியே. லாசாவின் 'நங்மா' இசையில் அவர்களுக்குப் பங்குண்டு. 'கச்சே பாலு' என்னும் முஸ்லிம் ஒருவரின் பெயரால் வழங்கும் அறவுரை நூலொன்றைத் திபெத்திய பௌத்தர்கள் இன்றும் விரும்பிப் படிக்கின்றனர். அந்நூலில் பாரசீகக் கவிஞர் ஸஅதியின் சாயலைக் கண்டோர் உண்டு. மார்க்கத்தில் உறுதியாய் நின்றவர்களே நாட்டின் மொழிக்கும் செல்வம் சேர்த்தனர்.

1959 மார்ச் 10ஆம் நாள் சீன ஆட்சிக்கெதிராக லாசாவில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அது அடக்கப்பட்டது. அம்மாத இறுதியில் தலாய் லாமா இந்திய எல்லையை அடைந்தார். பல்லாயிரம் திபெத்தியர் அவரைப் பின்தொடர்ந்தனர். முஸ்லிம்களின் மீதும் நெருக்கடி இறங்கியது. காஷ்மீர் வழிவந்தோர், எங்கள் முன்னோரின் மண் இந்தியாவில் உள்ளது, ஆகவே எங்களை இந்தியக் குடிகளாக ஏற்க வேண்டும் என்று கோரினர். அவர்களுள் முதன்மையானோர் சிறைப்பட்டனர். அவர்களுக்கு உணவுப்பொருள் விற்பதும் தடுக்கப்பட்டது. முதலில் தயங்கிய இந்திய அரசு 1960இல் கோரிக்கையை ஏற்றது. அவ்வாண்டின் பிற்பகுதியில் குடும்பம் குடும்பமாக அவர்கள் காங்டாக், காலிம்போங், டார்ஜீலிங் ஊர்களை வந்தடைந்தனர். பின்னர்ப் பெரும்பாலோர் ஸ்ரீநகருக்குச் சென்று ஈத்கா, ஹவல் பகுதிகளில் குடியேறினர். சிலர் நேபாளத்திற்கும் அரபு நாடுகளுக்கும் துருக்கிக்கும் சென்றனர். ஹுய் முஸ்லிம்கள் சீனக் குடிகளாகக் கருதப்பட்டு லாசாவிலேயே தங்கினர். ஒரே தொழுகை வரிசையில் நின்றவர்களை நாட்டுரிமைத் தாள்கள் இருவேறாகப் பிரித்தன.

முன்னோரின் மண்ணை அடைந்ததும் துன்பம் தீர்ந்ததோ எனில், இல்லை. ஜம்மு காஷ்மீரின் நிலையான குடிகள் யாவர் என்பதை 1927ஆம் ஆண்டு மகாராஜாவின் அறிவிக்கை வரையறுத்திருந்தது. இந்தியக் குடியரசிலும் அவ்வரையறை தொடர்ந்தது. இவர்களது பாட்டனார்கள் அதற்கு வெகுகாலம் முன்பே காஷ்மீரை விட்டுச் சென்றவர்கள். ஆகையால் எந்தக் காஷ்மீர் வழித்தோன்றல் என்ற சான்றால் இந்தியக் குடியுரிமை கிடைத்ததோ, அதே காஷ்மீரில் அவர்கள் அயலாராகவே நின்றனர். நிலம் வாங்க இயலாது. மாநில அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க இயலாது. இந்தியக் குடிகள் என்பதனால் ஏனைய திபெத்திய அகதிகளுக்குரிய உதவிகளும் இவர்களைச் சேரவில்லை. லாசாவில் அவர்கள் காஷ்மீரிகள், காஷ்மீரிலோ திபெத்தியர்கள். 2019இல் மாநிலத்தின் தனிநிலை நீக்கப்பட்டது. 2020இன் புதிய விதிகள், 15 ஆண்டுகள் அங்கு வசித்தோர் வாழ்விடச் சான்றிதழ் பெற வழி செய்தன. அறுபது ஆண்டுகளுக்குப் பின் இக்குடும்பங்களுக்கும் அதன் வாயில் திறந்தது. அந்த மாற்றத்தைப் பற்றிக் காஷ்மீர் மக்களிடையே ஆழ்ந்த மனவருத்தம் நிலவுவதையும் நாம் மறத்தலாகாது. ஒருவர்க்குத் திறந்த வாயில் அண்டை வீட்டார்க்கு இழப்பாகத் தோன்றும் நிலையும் இவர்களுக்கு வாய்த்ததொரு சோதனையே.

இத்தனைக்கும் நடுவே அச்சமூகம் கரைந்து விடவில்லை. ஆடைகளில் பூவேலை செய்தும், உணவுக்கடை நடத்தியும் ஹலாலான உழைப்பால் வாழ்கின்றனர். மோமோவும் துக்பாவும் ஹலாலான இறைச்சியுடன் அவர்கள் அடுப்புகளில் வேகின்றன. பதாம்வாரியில் திபெத்தியப் பொதுப்பள்ளி என்னும் கல்விக்கூடம் நடத்துகின்றனர். 2012இல் தலாய் லாமா அங்கு வருகை தந்தார். வீட்டில் திபெத்திய மொழி இன்றும் பேசப்படுகின்றது. ஆனால் வீதியில் காஷ்மீரியும் பள்ளியில் உருதுவும் ஆங்கிலமும் சூழ்ந்திருக்க, லாசாவைக் கண்டிராத பேரக்குழந்தைகளின் நாவில் அம்மொழி எத்தனைக் காலம் தங்கும் என்பது அங்குள்ள முதியோரை வருத்தும் கேள்வியாகும்.

மார்க்கத்தைப் பேணுவதற்குப் பிறந்த மண்ணின் மொழியைத் துறக்க வேண்டும் என்று எண்ணுவோர் நம்மிடையே சிலர் உண்டு. முஸ்லிமாயிருப்போர் இம்மண்ணுக்கு முழுமையாய் உரியவராதல் இயலாது என்று எண்ணுவோரும் வெளியே சிலர் உண்டு. இவ்விரு சாராருக்கும் கச்சேக்களின் வாழ்வே விடை. மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது தன் அத்தாட்சிகளுள் ஒன்றெனச் சூரா அர்ரூமில் அல்லாஹ் நமக்குக் கற்பிக்கின்றான். மக்காவை விட்டு வெளியேறியபோது அந்நகரின் மீதிருந்த அன்பை நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறைக்கவில்லை. பிறந்த மண்ணை நேசிப்பது ஈமானுக்குக் குறைவன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இன்றிரவு பிள்ளைகளுடன் உணவருந்த அமரும்போது, அம்பு விழுந்த அந்தச் சோலையின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். வீடிழந்தும் தொழுகையையும் தாய்மொழியையும் இழவாத அம்மக்களுக்காக ஒரு துஆவும் கேட்கச் சொல்லுங்கள். உலகெங்கும் இருப்பிடம் இழந்து தவிப்போர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் அமைதியான வாழிடத்தை அருள்வானாக. ஆமீன்.