ஃபிரெஞ்சு சிப்பியின் பூர்வீகம்

சிப்பின்னா நமக்கு முத்து ஞாபகம் வரும். ஃபிரான்சுக்காரங்களுக்கு எலுமிச்சம்பழம் ஞாபகம் வரும் :-) புத்தாண்டு விருந்துல பச்சைச் சிப்பியில நாலு சொட்டு பிழிஞ்சு அப்படியே உள்ளே தள்ளிடுவாங்க. தங்கள் நாட்டுப் பெருமைன்னு அவங்க நினைக்கிற இந்தச் சிப்பிக்குப் பூர்வீகம் எது தெரியுமா? பெரும்பாலும் ஜப்பான்!

அவங்க சொந்தச் சிப்பி தட்டையா இருக்கும். 19-ஆம் நூற்றாண்டு நடுவுல கணக்கில்லாம வாரி வாரி, கடலோரப் படுகையெல்லாம் காலி. மூன்றாம் நெப்போலியன் ஆதரவோட விக்டர் கோஸ்ட் என்கிற விஞ்ஞானி சிப்பி வளர்ப்பை ஆரம்பிச்சு வைத்தார். 1860-களில் ஆர்க்காஷோன் வளைகுடாவில் கூரை ஓட்டுக்குச் சுண்ணாம்பு பூசி கடலில் வைத்தார்கள். மிதந்து வர்ற குஞ்சுச் சிப்பி அதுல ஒட்டிக்கும். சுண்ணாம்போட சேர்த்துச் சுரண்டினா குஞ்சுக்கும் சேதமில்லை, ஓட்டுக்கும் சேதமில்லை. எவ்வளவு எளிமையான வித்தை பாருங்க!

1868-ல் போர்ச்சுக்கல் சிப்பி ஏற்றி வந்த 'மோர்லேசியன்' கப்பல், புயலுக்குப் பயந்து ஜிரோந்த் முகத்துவாரத்தில் ஒதுங்கியது. சரக்கு கெட்டுப்போச்சுன்னு கேப்டன் தண்ணீரில் கொட்டிட்டார். சாகாம பிழைச்சது பல்கிப் பெருகிடுச்சு. 1920 வாக்கில் தட்டைச் சிப்பிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தப்போ தொழிலைக் காப்பாத்தினது இந்த வந்தேறிதான். (அதுவும் போர்ச்சுக்கல் இல்லையாம்; ஆசியாவில் இருந்து போனதுன்னு 1990-களில் மரபணு ஆராய்ச்சியில தெரிஞ்சது.)

ஆனா, 1960-களின் கடைசியில் அதையும் ஒரு வைரஸ் தாக்கியது. சில வருஷத்தில் மொத்தமும் போச்சு. சிப்பியை நம்பியிருந்த குடும்பங்கள் கையைப் பிசைஞ்சு நின்றன. அப்போதான், 1971 முதல், ஜப்பானின் மியாகி பகுதியில் இருந்து ஆயிரக்கணக்கான டன் குஞ்சுச் சிப்பி வந்தது. தாய்ச் சிப்பிகள் கனடாவில் இருந்து வந்தன. அவையும் ஜப்பான் வம்சம்தான்! இன்னைக்கு ஃபிரெஞ்சு தட்டில் இருக்கிறது பெரும்பாலும் இந்த வாரிசுகள்தான்.

2011 மார்ச் 11 சுனாமியில் மியாகியின் சிப்பிப் பண்ணைகளை அலை அடிச்சிட்டுப் போனது. ஃபிரெஞ்சு சிப்பிக்காரங்க கயிறு, மிதவைன்னு வளர்ப்புச் சாமான்களைச் சேர்த்து அனுப்பினாங்க. நாற்பது வருஷப் பழைய கடன், மறக்கலை பாருங்க.

அடுத்த தடவை யாராவது 'வந்தேறி'ன்னு ஆரம்பிச்சா, இந்தச் சிப்பிக் கதையைச் சொல்லுங்க மக்களே!