வண்ண மீன் தொட்டிக்கு ஆர்.ஓ. தண்ணீரைச் சேமித்து வைப்பது எப்படி?

வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரங்களில் வண்ண மீன் வளர்ப்பவர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: போர் தண்ணீரில் விட்டால் மீன் தாங்குவதில்லை, கேன் தண்ணீரில் விட்டால் அதைவிட வேகமாகச் சாகிறது. இரண்டுக்கும் காரணம் உண்டு. போர் தண்ணீரில் உப்பு அதிகம். சுத்திகரித்த தண்ணீரில் மீனுக்குத் தேவையான உப்புகூட இல்லை. ஒடுகத்தூர் பகுதி விவசாயிகள் தங்கள் வீட்டுத் தொட்டிக்கும், கொல்லைப்புறத்தில் சிறு அளவில் நடத்தும் வண்ண மீன் வளர்ப்புக்கும் தண்ணீரைத் தயார் செய்து சேமிக்கும் முறையை இங்கே பார்ப்போம்.

முதலில் உங்கள் தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒடுகத்தூர் ஜவ்வாது மலையடிவாரத்தில், உத்திரகாவேரி ஆற்றை ஒட்டி உள்ளது. அந்த ஆறு சேரும் பாலாற்றுப் படுகையில்தான் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர்கள் உள்ளன. தோல் கழிவுநீரால் நிலத்தடி நீர் கெட்டது குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு அளித்தது. தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. எனவே பக்கத்து ஊர் கிணறு நன்றாக இருக்கிறது என்பதை வைத்து உங்கள் கிணற்றை முடிவு செய்யக் கூடாது.

டி.டி.எஸ். மீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கரைந்துள்ள மொத்த உப்பை அது பி.பி.எம். கணக்கில் காட்டும். ஆனால் அந்த உப்பு சுண்ணாம்பா, சோடியமா, குரோமியமா என்று அது சொல்லாது. தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் நீர் மாதிரி கொடுத்துப் பார்ப்பதே சரி. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

எந்த மீனுக்கு ஆர்.ஓ. தேவை?

கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ் ஆகியவை சற்றுக் கடினமான தண்ணீரையே விரும்பும். கழிவு கலக்காத, 600 முதல் 800 பி.பி.எம். வரை உள்ள தண்ணீரில் இவை நன்றாக வளரும். இவற்றுக்கு ஆர்.ஓ. தண்ணீர் வாங்குவது வீண் செலவு. நியான் டெட்ரா, ஏஞ்சல், டிஸ்கஸ் போன்றவற்றுக்கு மென்மையான தண்ணீர் வேண்டும். போர் தண்ணீர் 1,000 பி.பி.எம். தாண்டினாலோ, கழிவு கலந்திருந்தாலோ எந்த மீனுக்கும் ஆர்.ஓ. அல்லது மழைநீரை நாடுவது நல்லது.

ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே ஏன் ஊற்றக் கூடாது?

மீனின் உடலுக்குள் உப்பு உண்டு. வெளியே உப்பே இல்லாத தண்ணீர் இருந்தால், செவுள் வழியாகத் தண்ணீர் உடலுக்குள் ஊறிக்கொண்டே இருக்கும். உடலில் உள்ள உப்பு வெளியேறும். மீன் சோர்ந்து அடியில் படுத்துவிடும்.

இரண்டாவது காரணம் பி.எச். எனப்படும் கார அமிலத் தன்மை. மீன் கழிவை நல்ல பாக்டீரியாக்கள் மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அதைத் தாங்கும் கார்பனேட் சத்து ஆர்.ஓ. தண்ணீரில் இல்லை. எனவே சில நாட்களில் பி.எச். சட்டென்று சரியும். காலையில் நன்றாக இருந்த தொட்டி மாலைக்குள் காலியாவது பெரும்பாலும் இப்படித்தான்.

பாத்திரம்: இங்கேதான் ஆபத்து அதிகம்

நமது பகுதியில் பழைய நீல நிற டிரம்கள் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் பல, தோல் பதனிடும் வேலைக்கான அமிலம், சாயம், எண்ணெய் வந்த டிரம்களாக இருக்கலாம். எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறிய ரசாயனம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கும். இத்தகைய டிரம்மை மீன் தண்ணீருக்கோ, வீட்டில் குடிக்கும் தண்ணீருக்கோ, மாட்டுத் தொட்டிக்கோ ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். உணவுப் பொருள் வைக்கும் தரத்தில் உள்ள புதிய பிளாஸ்டிக் டிரம் அல்லது 20 லிட்டர் குடிநீர் கேன் போதும்.

செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய தகரப் பாத்திரங்களும் வேண்டாம். உப்பு இல்லாத ஆர்.ஓ. தண்ணீர் உலோகத்தை எளிதாக அரிக்கும். செம்பும் துத்தநாகமும் மிகக் குறைந்த அளவிலேயே மீனைக் கொல்லும்.

பூச்சிமருந்து கலக்கும் வாளி, மக்கு, ஸ்பிரேயர் எதுவும் மீன் தண்ணீர் பக்கம் வரக் கூடாது. சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம். மருந்து அடித்துவிட்டு வந்தவர் குளித்த பிறகே தொட்டியில் கை வைக்க வேண்டும்.

தண்ணீரைத் தயார் செய்யும் முறை

முறை 1 – கலப்பது: போர் அல்லது குழாய்த் தண்ணீரில் உப்பு மட்டும் அதிகம், கழிவு இல்லை என்று உறுதியானால் அதையே ஆர்.ஓ. தண்ணீருடன் கலக்கலாம். தேவையான டி.டி.எஸ்.ஸில் இருந்து ஆர்.ஓ. அளவைக் கழியுங்கள். போர் அளவில் இருந்தும் ஆர்.ஓ. அளவைக் கழியுங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து, மொத்த லிட்டரால் பெருக்குங்கள். போர் 1,050, ஆர்.ஓ. 50, தேவை 300 என்றால் 250 ஐ 1,000 ஆல் வகுக்கக் கால் பங்கு வரும். அதாவது 20 லிட்டருக்கு 5 லிட்டர் போர் தண்ணீர், 15 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர். கலந்தபின் மீட்டரில் ஒருமுறை சரிபாருங்கள்.

ஊராட்சிக் குழாய்த் தண்ணீரைக் கலந்தால் அதில் ப்ளீச்சிங் பவுடரின் குளோரின் இருக்கும். காற்று மோட்டார் ஓடவிட்டு 24 மணி நேரம் வைத்தால் அது வெளியேறிவிடும். அவசரம் என்றால் சோடியம் தயோசல்பேட் 100 லிட்டருக்கு 1 கிராம் போடலாம்.

முறை 2 – உப்புச் சத்து சேர்ப்பது: உங்கள் போர் தண்ணீரில் கழிவு கலந்திருந்தால் அதை ஒரு சொட்டும் கலக்காதீர்கள். 100 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்குச் சமையல் சோடா 10 முதல் 12 கிராம், மருந்துக் கடையில் கிடைக்கும் எப்சம் உப்பு 4 முதல் 5 கிராம் கரைக்கவும். சுண்ணாம்புச் சத்துக்கு, கழுவிய கிளிஞ்சலை உடைத்து வலைப் பையில் கட்டி டிரம்மில் போடவும். அது மெதுவாகவே கரையும். எனவே ஓரிரு நாள் முன்னதாகவே போட்டுவிடுங்கள். சுட்ட சுண்ணாம்பைப் போடக் கூடாது; பி.எச். தாறுமாறாக ஏறிவிடும். உரக்கடை மெக்னீசியம் சல்பேட்டும் ஜிப்சமும் வேண்டாம். அவற்றில் வேறு பொருட்கள் கலந்திருக்கலாம். நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவற்றுக்கு இதில் பாதி அளவு போதும்.

சேமிக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஆர்.ஓ. தண்ணீரில் குளோரின் இல்லாததால் கிருமி எளிதில் வளரும். தயார் செய்த தண்ணீரை ஒரு வாரம், அதிகபட்சம் இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். டிரம்மின் உட்புறம் வழவழப்பாக இருந்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவையுங்கள். சோப்பு, டிடர்ஜென்ட் கூடாது.

டிரம்மை நிழலில் வையுங்கள். வெயில் பட்டால் பாசி பிடிக்கும். சித்திரை, வைகாசியில் மொட்டை மாடித் தண்ணீர் மீன் தாங்காத அளவு சூடாகிவிடும். தொட்டித் தண்ணீருக்கும் புதுத் தண்ணீருக்கும் 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

மூடியை இறுக மூடுங்கள். காற்றுக் குழாய் போகும் துளையையும் வலைத் துணியால் கட்டுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட சுத்தமான தேங்கிய நீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாட்களே போதும்.

எவ்வளவு சேமிக்க வேண்டும்?

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி சுமார் 56 லிட்டர் பிடிக்கும். வாரம் கால் பங்கு மாற்றினால் 14 லிட்டர். ஒரு கேன் போதும். பாக்கி 6 லிட்டர் ஆவியாகும் நீரை ஈடுகட்ட உதவும்.

இதில் ஒரு முக்கியமான வித்தியாசத்தை மறக்க வேண்டாம். வெளியேற்றிய தண்ணீருக்குப் பதிலாக உப்புச் சத்து சேர்த்த தண்ணீரை ஊற்ற வேண்டும். ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்குப் பதிலாக வெறும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்ற வேண்டும். ஆவியாகும்போது தண்ணீர் மட்டுமே போகிறது. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. 300 பி.பி.எம். உள்ள 50 லிட்டர் தொட்டியில் வாரம் 5 லிட்டர் ஆவியாகி, அதை 300 பி.பி.எம். தண்ணீரால் மட்டுமே நிரப்பி வந்தால் 10 வாரத்தில் உப்பு இரட்டிப்பாகும். கோடையில் இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது.

செலவில்லாத மாற்று: மழைநீர்

100 சதுர அடி கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் சேதாரம் போக 75 லிட்டர் அளவுக்குச் சேகரிக்கலாம். முதல் மழையை விட்டுவிட்டு, கூரை கழுவப்பட்ட பிறகு பிடியுங்கள். ஓடு அல்லது சிமென்ட் தளக் கூரை நல்லது. தகரக் கூரை வேண்டாம். வெள்ளைத் துணியில் வடிகட்டிச் சேமித்து, முறை 2 இல் சொன்னபடி சத்து சேர்த்துப் பயன்படுத்துங்கள். வீட்டில் குடிக்க வாங்கும் கேன் தண்ணீரை மீனுக்குச் செலவழிக்கும் சுமை இதனால் குறையும்.

மீன் மேலே வந்து வாய் பிளந்தாலோ, துடுப்பை ஒடுக்கி அடியில் படுத்தாலோ பதறி மொத்தத் தண்ணீரையும் மாற்றாதீர்கள். காற்று மோட்டாரைக் கூட்டி, டி.டி.எஸ். மற்றும் பி.எச். பார்த்து, கால் பங்கு மட்டும் மெதுவாக மாற்றுங்கள்.

வருமானமாக்க விரும்புவோருக்கு

வண்ண மீன் வியாபாரத்தில் பெயர் பெற்ற சென்னை கொளத்தூர் சந்தை நமக்கு எட்டும் தூரத்தில் உள்ளது. 2020 இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், கொல்லைப்புற வண்ண மீன் வளர்ப்பு அலகுக்கு மதிப்பீடு 3 லட்சம் ரூபாய். பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம் என்று விதி வகுக்கப்பட்டது. தற்போதைய நிலவரத்தை வேலூர் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு, அதன் பிறகே முதலீடு செய்யுங்கள். போகும்போது உங்கள் கிணற்று நீரின் ஆய்வு அறிக்கையையும் கையில் கொண்டு போங்கள். எந்த மீன் வளர்க்கலாம் என்பதை முடிவு செய்வது அந்தத் தாள்தான்.