மறைக்கப்படும் நோயும் மறந்துபோன மரபும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7000 அடி உயரத்தில், பழனி மலைத்தொடரின் மேல் அமைந்த ஊர் கோடைக்கானல். 1845ஆம் ஆண்டு அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார்கள் அங்கு வீடுகள் கட்டியது உல்லாசத்திற்காக அன்று. சமவெளியின் வெப்பமும் நோயும் தம் குடும்பத்தாரைக் காவு கொண்டதே காரணம். உடல் நலிந்தோர் வெளிப்படையாகவே மலையேறினர்.

இன்றும் மனம் சோர்ந்தவரை, "நான்கு நாள் கோடைக்குப் போய் வா" என்று அனுப்புகிறோம். காற்று மாறியும் சோர்வு தீராவிட்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்குகிறோம். ஊர் என்ன சொல்லும், பெண்ணுக்கு வரன் அமையுமா என்ற அச்சம் ஒரு புறம்; இது ஈமானின் பலவீனம் என்ற பழி மறுபுறம்.

இப்பழிக்கு நம் வரலாற்றில் இடமில்லை. மகனைப் பிரிந்த துயரத்தால் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போனதைத் திருக்குர்ஆன் கூறுகிறது. அத்துயரத்தை அது குறையாகக் கூறவில்லை. ஹிஜ்ரி 488இல் (கி.பி. 1095) பக்தாத் நிஜாமிய்யாவில் பாடம் நடத்த முடியாதபடி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் நா கட்டுண்டது, உணவும் செல்லவில்லை, மருத்துவர்கள் கைவிரித்தனர். அந்நிலையை மனச்சோர்வு என்று இன்றைய சொல்லால் முத்திரையிட நாம் துணியவில்லை. ஆனால் 'ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்' எனப் போற்றப்படும் அப்பெருந்தகை, நடந்ததை மறைக்காமல் தம் நூலிலேயே எழுதிவைத்தார் என்பது நம் கருத்தைக் கவர்கிறது.

அவருக்கு முன்பே, ஹிஜ்ரி 322இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலில் உடல் நலத்திற்கு ஒரு பகுதியும் உள்ள நலத்திற்கு ஒரு பகுதியும் ஒதுக்கினார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் புலப்படாமல் உடலிலிருந்து எழும் துயரம் வேறு என்று அவர் பிரித்தார். முன்னதற்கு ஆறுதலும் சிந்தனையும். பின்னதற்கு மருத்துவமும் வேண்டும் என்றார். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய பீமாரிஸ்தானில் மனநோயாளருக்கெனத் தனிப்பிரிவு இருந்தது.

இத்தகைய மரபுக்கு உரியவர்கள் வாழும் இம்மண்ணில்தான் ஏர்வாடி நிகழ்ந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், தர்காவை நாடி வந்தோரை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலவில்லை. 28 உயிர்கள் பலியாயின. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. அச்சங்கிலிகளைப் பூட்டியவர் காப்பகத்தார். ஆனால் நோயாளியைக் கண்காணாத இடத்தில் விட்டுச் செல்லக் குடும்பங்களைத் தூண்டியதில், வறுமைக்கும் அறியாமைக்கும் நிகராக வெட்கத்திற்கும் பங்குண்டு.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது. மனநல சிகிச்சையை உரிமையாக்கியது. அதே ஏர்வாடியில், துஆவும் மருந்தும் இணைந்து செல்லட்டும் என்ற நோக்கில் அரசு மனநல மருத்துவமும் தொடங்கப்பட்டது. துஆவை விட வேண்டும் என்று யாரும் கோரவில்லை. கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடக் கற்பித்த அதே நபி (ஸல்) அவர்கள்தாம் மருத்துவம் செய்துகொள்ளுமாறும் ஏவினார்கள்.

சட்டம் இரும்புச் சங்கிலியை அகற்றலாம். வெட்கம் என்னும் சங்கிலியை அகற்றுவது நம் வீடுகளின் கடமை, மிம்பர்களின் கடமை. இரவெல்லாம் உறங்காது தவிக்கும் ஒருவர் நம்மிடம் வாய் திறக்கும்போது, "தொழுகையைப் பேணுகிறாயா?" என்று விசாரிப்பதோடு நின்றுவிடாமல், "வா, மருத்துவரிடம் நானும் வருகிறேன்" என்று நாம் சொல்வோமாக.